இரைச்சலுக்கு ஒரு வரம்பு

மிக்சி மோட்டாருக்குள் சுழலும் செப்புத் தகடுகளைக் கார்பன் பிரஷ்கள் உரசும்போது இடைவிடாமல் சிறு பொறிகள் தெறிக்கின்றன. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி வானொலி நிலையம்தான். அது எழுப்பும் அலை மின்கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் பரவி, பக்கத்து அறை வானொலியில் கரகரப்பாக விழுகிறது. மோட்டாருக்குக் குறுக்கே ஒரு சிறு மின்தேக்கியை இணைத்தால் இது பெருமளவு அடங்கும். ஆனால் அது இல்லாமலும் மிக்சி நன்றாகவே அரைக்கும். செலவு ஒருவருக்கு, நன்மை வேறொருவருக்கு. பொதுவான விதி தேவைப்பட்டது இதனால்தான்.

ஒரு கருவி பிற கருவிகளைக் கெடுக்காமலும் அவற்றால் தானும் கெடாமலும் இயங்குவதை மின்காந்த இணக்கம் என்பர். ஒவ்வொரு நாடும் இதற்குத் தனித்தனி விதி வகுத்தால் வணிகம் முடங்கும் என்ற கவலையில் 1933-ல் பாரிஸில் ஒரு மாநாடு கூடியது. மறு ஆண்டே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் கீழ் சிஸ்பர் என்னும் குழு செயல்படத் தொடங்கியது.

வரம்பு வகுக்கும் முன் அளவுகோல் வேண்டும். எப்போதாவது வரும் ஒரு 'டக்' வானொலி கேட்பவரை அவ்வளவாக உறுத்தாது. விடாத கரகரப்பு எரிச்சலூட்டும். எனவே சிஸ்பர் வகுத்த அளவி, துடிப்பு வந்ததும் சட்டென ஏறி மெதுவாக இறங்கும். 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறும் கால மாறிலி 1 மில்லிவினாடி, இறங்குவதற்கு 160. துடிப்புகள் நெருங்கி வந்தால் முள் மேலேயே நிற்கும். கேட்பவரின் எரிச்சலையே மின்சுற்றில் அடைத்த இந்த உத்தி அபாரமானது. டிஜிட்டல் யுகத்திலும் ஆய்வகங்கள் அந்தப் பழைய காதைத்தான் நம்புகின்றன.

வரம்பு எண்களை இயற்பியல் மட்டும் முடிவுசெய்வதில்லை. ஒலிபரப்பாளர்கள் இரைச்சலைக் குறைக்கச் சொல்வார்கள். உற்பத்தியாளர்கள் வடிகட்டியின் விலையைக் காட்டுவார்கள். வீட்டுக் கணினிக்கு 10 மீட்டர் தொலைவில், 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை, மீட்டருக்குச் சுமார் 32 மைக்ரோவோல்ட் என்பது அப்படி எட்டிய உடன்பாடு.

மறுபாதி, தாங்குதிறன். 1973-ல் இதற்குத் தனிக் குழு அமைந்தது. விரல்நுனியிலிருந்து பாயும் நிலைமின் பொறியைப் போல, 8,000 வோல்ட் வரை மின்னேற்றிய சோதனைத் துப்பாக்கியைக் கருவியில் வைத்துச் சுடுவார்கள். மின்னோட்டம் ஒரு நானோவினாடிக்குள் உச்சம் தொடும். கருவி திணறக் கூடாது. ஐரோப்பாவில் 1989-ல் பிறப்பிக்கப்பட்ட ஆணை இரண்டு பாதிகளையும் சேர்த்து, 1996 முதல் கட்டாயமாக்கியது.

ஆணையத்தின் இத்தகைய தரங்களுக்கான வரைவுகள் நாடுகளின் குழுக்களிடையே பலமுறை சுற்றி வரும். இறுதி வாக்கெடுப்பில் உறுப்பு நாடுகளில் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும். எதிர்ப்பு கால் பங்கைத் தாண்டக் கூடாது. இந்தியாவின் சார்பில் இதில் பங்கேற்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம். சென்னை தரமணியில் உள்ள சமீர் என்னும் ஆய்வு நிறுவனத்தின் மின்காந்தவியல் மையத்தில் இச்சோதனைகளைச் செய்து தருகிறார்கள்.