ரோடு டாக்ஸ் கட்ட ஒரு மாத இன்சூரன்ஸ் போதுமா? ஜீப் உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

கம்பம், போடி, தேவாரம் பக்கம் விடிவதற்கு முன்பே ஜீப் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்துக்கு ஏறும் வண்டிகள் அவை. காய் எடுக்கும் மாதங்களில் வண்டிக்கு ஓய்வே கிடையாது. கோடையில் வேலை குறைந்தால் அதே வண்டி வீட்டு வாசலில் நிற்கும். ஆனால் வாடகை வாகனத்துக்கான காலாண்டு வரி நிற்காது.

வரி கட்டலாம் என்று பரிவாஹன் தளத்துக்குப் போனால் அங்கே அடுத்த சிக்கல். இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தால், முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. "டாக்ஸ் கட்டுறதுக்கு மட்டும் ஒரு மாசத்துக்கு இன்சூரன்ஸ் போட்டுக் குடுங்க" என்ற கேள்வி வருவது இந்த இடத்தில்தான்.

வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

வரி அரசுக்குப் போகிறது. இன்சூரன்ஸ், விபத்தில் பாதிக்கப்படுகிறவருக்கானது. இரண்டையும் சட்டம் வேண்டுமென்றே முடிச்சுப் போட்டு வைத்தது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் எழுதப்பட்டபோது, அதன் 159-வது பிரிவு ஓர் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குக் கொடுத்தது. வரி கட்டி வண்டியைச் சாலையில் இறக்க வருகிறவரிடம், அந்த அனுமதி தொடங்கும் தேதியில் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கும் என்பதற்கு ஆதாரம் கேட்க விதி வகுக்கலாம் என்பதே அது. அன்று காகிதத்தில் நடந்த சோதனையை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது.

"தொடங்கும் தேதியில்" என்ற வார்த்தையில்தான் ஓட்டை இருக்கிறது. வரி கட்டும் நாளில் பாலிசி உயிரோடு இருந்தால் போதும், வரி ஏறிவிடும். அடுத்த மாதம் பாலிசி முடிந்துபோனால், கட்டிய வரி ரத்தாகப் போவதில்லை.

அப்படியானால் லாபம்தானே?

கணக்குப் போட்டால் தெரியும். ஓராண்டுக்குக் குறைவான பாலிசிக்கு 2002-ம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகளில் தனி விகிதம் உண்டு. ஒரு மாதம் வரை என்றால் ஆண்டு பிரீமியத்தில் 20 சதவீதம், இரண்டு மாதம் வரை 30, மூன்று மாதம் வரை 40 சதவீதம். எட்டு மாதத்தைத் தாண்டினால் முழு ஆண்டுத் தொகையே.

9 பயணிகள் ஏறும் மேக்ஸி கேபை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 6 பயணிகளுக்கு மேல் ஏற்றும் நான்கு சக்கர வாடகை வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் அடிப்படைத் தொகை 14,343 ரூபாய். அதோடு ஒரு பயணிக்கு 877 ரூபாய். மொத்தம் 22,236 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஒவ்வொரு காலாண்டும் வரிக்காக ஒரு மாத பாலிசி போட்டால், 20 சதவீதம் வீதம் நான்கு முறை, அதாவது ஆண்டுத் தொகையில் 80 சதவீதம். சுமார் 17,789 ரூபாய் கொடுத்து 4 மாதத்துக்குத்தான் பாதுகாப்பு. மிச்சம் சுமார் 4,450 ரூபாய். மீதி 8 மாதம் வண்டி வெறுங்கையோடு ஓடும். எந்தக் கணக்குப் பிள்ளையும் இதை லாபம் என்று எழுதமாட்டார்.

ஆண்டு பாலிசி எடுத்து, வரி கட்டியதும் ரத்து செய்துவிடலாமா என்றால் அதுவும் எளிதில் நடக்காது. மூன்றாம் நபர் காப்பீட்டை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. வேறு நிறுவனத்தில் பாலிசி இருக்க வேண்டும், அல்லது வண்டியின் பதிவே ரத்தாகியிருக்க வேண்டும் என்பது போன்ற காரணம் தேவை. வண்டிச் சேதத்துக்கான காப்பீடும் சேர்த்து வைத்திருப்பவர்கள் 90 நாட்களுக்கு மேல் இடைவெளி விட்டால், பல ஆண்டுகளாகச் சேர்த்த 'நோ கிளெய்ம் போனஸ்' தள்ளுபடியும் போய்விடும்.

இடைவெளியில் விபத்து நடந்தால்?

போலீஸில் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை அபராதம் 4,000 ரூபாய். பலருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் பெரிய அடி அபராதம் இல்லை.

போடியிலிருந்து போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒருவர் மீது வண்டி மோதி உயிர் போனால், யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே 164-வது பிரிவின்படி 5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், படுகாயம் என்றால் 2.5 லட்சம். பாலிசி இருந்தால் நிறுவனம் கட்டும். இல்லாவிட்டால் உரிமையாளர்தான். தவறை நிரூபித்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டால், இறந்தவரின் வயது, வருமானத்தைப் பொறுத்து தொகை இன்னும் கூடும். அதற்கு உச்சவரம்பு இல்லை. இன்சூரன்ஸ் இல்லாத விபத்து வாகனத்தை உரிய பிணை இல்லாமல் விடுவிக்கக் கூடாது, ஏலம் விட்டு அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டலாம் என்ற விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவரவும் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜீப்பும் போகும், தோட்டம் துரவு இருந்தால் அதுவும் போகும். அந்தப் பக்கம் நஷ்டஈட்டுக்காகக் காத்திருப்பதும் பெரும்பாலும் தினக்கூலிக் குடும்பம்தான்.

இன்னொன்று. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு ஜீப்பில் கூலிக்கு ஆள் ஏற்றினால், பாலிசி நடப்பில் இருந்தாலும் நிறுவனம் மறுக்க வாய்ப்புண்டு. அத்தகைய வண்டிக்கான வெறும் மூன்றாம் நபர் காப்பீடு உள்ளே இருப்பவர்களுக்குப் பொருந்தாது என்பதே பொதுவான நிலை.

வண்டி நிற்கத்தானே செய்கிறது?

நிற்கும் வண்டியும் தப்பாது. விபத்தில் கவிழ்ந்து சில மணி நேரம் சாலையோரம் கிடந்த பெட்ரோல் டேங்கர் வெடித்த வழக்கில், அதுவும் வாகனத்தின் 'பயன்பாடு'தான் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தெருவில் நிறுத்தியிருக்கும் ஜீப்புக்கு இன்சூரன்ஸ் வேண்டாம் என்று நினைப்பது ஆபத்து.

பிரிட்டனில் ஒரே ஒரு நாளுக்குக்கூட கார் இன்சூரன்ஸ் விற்கிறார்கள். ஆனால் அங்கே காரைச் சாலையில் விடப்போவதில்லை என்று முறைப்படி அறிவிக்காதவரை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இன்சூரன்ஸ் தொடர்ந்து இருக்க வேண்டும். அதனால் வரிக்காக ஒரு நாள் பாலிசி எடுத்தவர் அடுத்த நாளே அபராதத்துக்கு ஆளாகலாம்.

இங்கேயும் அதுபோன்ற வழி உண்டு. பொது இடத்தில் ஓடாத வாகனத்துக்கு வரி கேட்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது விசாகப்பட்டினம் உருக்காலை வளாகத்துக்குள் மட்டுமே ஓடிய லாரிகள் பற்றிய, ஆந்திரச் சட்டத்தை ஒட்டிய வழக்கு. வாசலில் நிற்கும் ஜீப்புக்கு அது தானாகப் பொருந்திவிடாது. கோடையில் வண்டியை ஓட்டப்போவதில்லை என்றால், அதை முன்கூட்டியே தேனி ஆர்.டி.ஓ அலுவலகத்திலோ உத்தமபாளையம் அலுவலகத்திலோ எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து ஒப்புகை வாங்க வேண்டும். காலாண்டு தொடங்கிய பிறகு போய் "வண்டி சும்மாதான் நின்னுச்சு சார்" என்றால் எடுபடாது. அறிவித்த நாட்களில் வண்டியைச் சொந்தக் கொட்டகையில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு. அந்தச் சமயத்தில் சாலையில் பிடிபட்டால் விலக்கும் போகும், வரியோடு அபராதமும் சேரும்.