மஞ்சள் பையும் 14 இலக்கமும்

மருத்துவச் சீட்டுகளை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது நம் தலைமுறையின் வழக்கம். ஒரு நள்ளிரவில் என் மனைவிக்கு மூச்சுத் திணறியபோது அந்தப் பை அகப்படவில்லை. எந்த மருந்து ஒவ்வாது என்று டாக்டர் கேட்டார். பெயர் ஞாபகம் வரவில்லை. தெய்வாதீனமாகப் பிழைத்தாள். ஒவ்வொரு ரயில் எஞ்சினுக்கும் பழுதுப் பதிவேடு எழுதிய எனக்கு, வீட்டுக்காரிக்கு ஒன்று வைக்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

2021 செப்டம்பரில் நாடு முழுவதற்குமாக மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ‘ஆபா’ எனும் 14 இலக்க எண் இலவசமாகக் கிடைக்கிறது. அதனுடன் இணைத்த ரிப்போர்ட்டுகளை நம் சம்மதத்தின் பேரில் டாக்டர் பார்க்கலாம். 2022 அக்டோபரில் நம் தில்லி லேடி ஹார்டிஞ்ச் ஆஸ்பத்திரியில் இன்னொரு வசதியும் வந்தது: க்யூ.ஆர். கட்டத்தைச் செல்போனில் பிடித்தால், பெயரும் வயதும் கவுன்ட்டருக்குப் போய் டோக்கன் வந்துவிடும்.

பழைய சீட்டுகள் தாமாக ஏறிவிடா. நாம்தான் படமெடுத்துச் சேர்க்கவேண்டும். எல்லா ஆஸ்பத்திரிகளும் இதில் சேர்ந்துவிடவுமில்லை. ஆகவே அன்பர்களே, ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்கும் இதைச் செய்து கொடுங்கள். ஒவ்வாத மருந்தின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கதவிலும் ஒட்டுங்கள். செல்போன் சார்ஜ் நள்ளிரவில்தான் தீர்ந்துபோகும்!