கோப்பிப் பேணியும் செய்நிரல் நிறுவலும்

ஒரு செய்நிரல் பிழையற்றது என்பதை எவ்வாறு அறிவது? இயக்கிப் பார்த்து அறியலாம் என்பதே கணனியியல் பயிலப் புகும் மாணவரிற் பெரும்பாலோர் கூறும் விடையாகும். இவ்விடையின் குறைபாட்டை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களின் இறுதியிலேயே சுட்டிக்காட்டினார். சோதனை பிழையின் இருப்பைக் காட்டவல்லது, இன்மையைக் காட்டவல்லதன்று. 1985க்கும் 1987க்கும் இடையில் தெராக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சைப் பொறி அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளருக்கு மிகைக் கதிர்வீச்சைச் செலுத்தியது. அவருட் சிலர் மாண்டனர். அதன் செய்நிரலிலிருந்த பிழைகளுள் ஒன்று, இயக்குநர் தரவுகளை மிக விரைவாகத் திருத்தியபோது மாத்திரமே தலைகாட்டியது. மெதுவாகத் தட்டிப் பார்த்தவர்களால் அதனை மீளத் தோற்றுவிக்க இயலவில்லை.

செய்நிரலைக் கணிதப் பொருளாகக் கொண்டு அதன் பண்புகளை நிறுவும் முறைசார் வழிகள் இதனாலேயே வேண்டப்படுகின்றன. ஆயினும் தேவை உணரப்படுமுன் குறியீடுகளைக் கரும்பலகையில் நிரப்பிவிடுகிறோம். மாணவர் மிரள்வதில் வியப்பில்லை. புதிர்கள் இவ்விடத்தில் உதவுகின்றன.

டேவிட் கிரைஸ் 1981இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்ற கோப்பிப் பேணிப் புதிரை எடுத்துக்கொள்வோம். பேணியொன்றிற் கறுப்பும் வெள்ளையுமான கோப்பிக் கொட்டைகள் உள்ளன. பாராமலே இரண்டை எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறமாயின் அவற்றை எறிந்துவிட்டு, வெளியிலிருந்து கறுப்பொன்றைப் பேணியில் இட வேண்டும். நிறம் வேறாயின் வெள்ளையைத் திரும்ப இட்டுக் கறுப்பை எறிய வேண்டும். எஞ்சும் கடைசிக் கொட்டை என்ன நிறம்?

ஒவ்வொரு முறையும் மொத்தத்தில் ஒன்று குறைகிறது. ஆதலால் ஆட்டம் முடிந்தே தீரும். விடை இதிலில்லை. வெள்ளையை மாத்திரம் நோக்குக. அது இரண்டிரண்டாகக் குறைகிறது, அன்றேல் மாறாதிருக்கிறது. ஒற்றை ஒற்றையாகவும் இரட்டை இரட்டையாகவுமே நிற்கும். வெள்ளை 7, கறுப்பு 5 எனத் தொடங்கின், எவ்வரிசையில் எடுப்பினும் 11 படிகளின் பின் எஞ்சுவது வெள்ளையே. பத்துத் தடவை ஆடிப் பார்த்து விடையை ஊகித்த மாணவனுக்கும், மாறாத அப்பண்பைக் கண்ட மாணவனுக்கும் உள்ள வேறுபாடு வகுப்பறையிலேயே புலனாகிவிடும். பொத்தான்களைக் கொண்டும் இதனை ஆடலாம். ரொபேட் புளொயிட் 1967இலும் ரொனி ஹோர் 1969இலும் செய்நிரல் நிறுவலுக்கு அடிப்படையாக்கிய கருத்து இதுவே: மீள்செயல் வளையத்தின் ஒவ்வொரு சுற்றிலும் மாறாது நிற்கும் கூற்று. இதனைக் கையாற் தொட்டறிந்தவனுக்குக் குறியீடு சுமையாகாது.

ஓநாய், ஆடு, கோவா ஆகியவற்றை ஆறு கடத்தும் பழம்புதிர் வேறொரு வழியைத் திறக்கிறது. நிலைகள் 16, அவற்றுட் தீங்கற்றவை 10. கடப்பது இயலாது என்று வேண்டுமென்றே கூறி, எல்லா நிலைகளையும் துருவும் மாதிரி சரிபார்ப்பிடம் ஒப்படைத்தால், அது எடுத்துக்காட்டும் மறுப்பே 7 பயணங்களில் முடியும் தீர்வாக அமையும்.

ஆயினும் புதிருக்கு ஒரு குறையுண்டு. அதன் விதிகளை எவரோ செம்மையாக எழுதித் தந்துவிடுகின்றனர். மருத்துவப் பொறிக்கு அவ்வாறு தருவாரில்லை. பாதுகாப்பு என்பதன் வரைவிலக்கணத்தையே முதலில் எழுத வேண்டியுள்ளது. ஆகவே விதியொன்றைச் சொல்லாது விட்டுப் புதிரை வழங்குவதே நன்றென்பது எமது கருத்து. வெளியிலிருந்து இடுவதற்குரிய கறுப்புக் கொட்டைகள் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என ஒரு மாணவி கேட்கும்வரை ஆசிரியர் காத்திருக்கலாம்.