அரண்மனைக் கட்டுகளில் ஊர்ச் சரித்திரம்

வலங்கைமான் என்றவுடன் பாடைகட்டி மாரியம்மனும், வாணவெடித் தொழிலும், 1869-ஆம் ஆண்டில் இவ்வூரில் பிறந்து ஆங்கிலப் பேச்சால் உலகத்தின் செவியைக் கவர்ந்த சீனிவாச சாஸ்திரியாரும் நினைவுக்கு வருவது இயற்கை. ஆனால் குடமுருட்டிக் கரையிலுள்ள இத்தகைய சோழநாட்டு ஊர்களில் முன்னோர்கள் எதை உண்டார்கள், எந்த நோய்க்கு என்ன மருந்து கொண்டார்கள், வழிப்போக்கர்களை எப்படி உபசரித்தார்கள் என்று அறிய விரும்புகிறவர், கோயில் மதிலின் கல்வெட்டுகளோடு நின்றுவிடலாகாது. கல் பெருந்தானங்களைச் சொல்லும். அன்றாட வாழ்க்கை ஓலையிலும் காகிதத்திலும்தான் இருக்கிறது. அவ்வகைச் சான்றுகளுக்கு நமக்கு வாய்த்த பெருநிதி, தஞ்சை அரண்மனை வளாகத்திலுள்ள சரஸ்வதி மகால் நூலகம்.

நாயக்க மன்னர்களின் காலத்தில் அரண்மனைப் புத்தகசாலையாகத் தோன்றி, 1676-இல் தொடங்கிய மராட்டியர் ஆட்சியில் வளர்ந்த இந்நூலகத்திற்கு இன்றைய பெருமையைத் தந்தவர், 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி. ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி பயின்ற இம்மன்னர், 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் ஒப்படைத்துக் கோட்டையளவில் தம் அதிகாரம் சுருங்கிய பிறகு, எஞ்சிய ஆயுளை வித்தையின் பொருட்டே செலவிட்டார் எனலாம். 1820-இல் பெரும் பரிவாரத்துடன் காசியாத்திரை புறப்பட்டவர், தீர்த்த பலனோடு வடநாட்டுக் கிரந்தங்களையும் திரட்டிவந்தார். ஐரோப்பாவிலிருந்து ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் நூல்களை ஆயிரக்கணக்கில் வரவழைத்தார். அவற்றுள் பலவற்றில் அவருடைய கையொப்பத்தை இன்றும் காணலாம்.

நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகள் ஏறத்தாழ 49,000. அவற்றில் மிகப் பெரும்பகுதி வடமொழி. தமிழ், மராத்தி, தெலுங்குச் சுவடிகளும் உண்டு. ஓர் ஓலைச்சுவடியை அருகிருந்து பார்த்தால்தான் முன்னோரின் உழைப்பு விளங்கும். துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டிய அந்த ஏடுகளில் எழுத்தாணி கீறியது வெறும் கீறல்தான். கரிமையைத் தடவித் துடைத்த பின்னரே எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும். புள்ளி வைத்தால் ஏடு பொத்துப்போகும் என்பதால் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது; மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவர்தாம் இடம் நோக்கி உணரவேண்டும். ஏடு காய்ந்து முறியாதிருக்க எலுமிச்சைப்புல் தைலம் பூசுவதும், பூச்சி அணுகாதிருக்க வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு முதலியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு முடிச்சாகப் பக்கத்தில் வைப்பதும் அங்கே நெடுநாளைய வழக்கம்.

காண வருவோர் வியப்பது சித்திரப் புத்தகங்களையும் அகராதிகளையும்தான். சரித்திரம் அறிய விழைவோர்க்கு அவற்றினும் அரியவை மோடி ஆவணங்கள். எழுதுகோலை அதிகம் எடுக்காமல் விரைந்தெழுதும் மராத்தி லிபி அது. இன்று வாசிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர். அரண்மனைக் கணக்கர்கள் அவ்வெழுத்தில் எழுதிய வரவு, செலவு, உத்தரவு, விண்ணப்பம் எல்லாம் ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுகளாகக் கிடக்கின்றன. சிலவற்றைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் போன்ற தர்மஸ்தாபனங்களில் வழிநடையாய் வந்தவர்க்குச் சோறும், நோயாளிக்கு வைத்தியமும், பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியமும் கிடைத்ததை அக்காலப் பத்திரங்களால் அறிகிறோம்.

தன்வந்திரி மகால் என்ற வைத்தியசாலையின் கண்நோய்க் குறிப்புகளும் அத்தகையவையே. நோயாளியின் பெயர், நோயின் தன்மை, செய்த சிகிச்சை ஆகியவற்றை எழுதி, பழுதுற்ற கண்ணையும் வர்ணம் தீட்டிக் காட்டியிருக்கிறார்கள். எந்தக் கல்வெட்டிலும் இடம்பெற வழியில்லாத ஒரு சாமானியருடைய கண்புரை, இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் மருத்துவர்கள் ஆராயத்தக்க சான்றாக நிற்கிறது.

இவ்வளவும் நமக்கு எஞ்சியது தற்செயலன்று. 1855-இல் சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததும் கம்பெனியார் அரண்மனையைக் கைப்பற்ற, வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அதற்குப் பிற்பட்ட காலத்தில், தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல் என்ற ஆங்கிலேயர் வடமொழிச் சுவடிகளை வகைப்படுத்தி 1880-இல் அட்டவணை வெளியிட்டார்; 1918-இல் நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. அரசர் சொத்து பொதுச்சொத்தான பின்னர், பண்டிதர் குடும்பங்கள் சில தம் வீட்டுச் சுவடிகளையும் அங்கே ஒப்படைத்தன என்பது எண்ணத்தக்க செய்தி.

ஏனெனில் வீட்டில் கிடந்தவற்றின் கதி நமக்குத் தெரியாததன்று. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட வழக்கமும், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று எஞ்சியவற்றை மீட்ட வரலாறும் தமிழர் அறிந்தவை. நூலகத்தை ஜனங்களிடம் கொண்டுசெல்லும் பிரயத்தனத்திலும் இச்சீமை பிற்பட்டதன்று: நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்த ரங்கநாதன் சீர்காழிக்காரர், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகம் சென்றது 1931-இல்.

அன்று புத்தகம் வண்டியேறி ஊருக்கு வந்தது. இன்று ஊரிலிருந்து நூலகத்திற்குப் போகவேண்டியவை பல. பரணில் கிடக்கும் கிரயப் பத்திரம், குத்தகைச் சீட்டு, பாட்டனாரின் வைத்தியக் குறிப்பு, கல்யாணச் செலவுக் கணக்கு ஆகியவற்றைச் செல்லரித்த குப்பையென்று கொளுத்துமுன், விஷயமறிந்த ஒருவரிடம் காட்டி, இயன்றால் ஒரு நூலகத்தில் சேர்ப்பிப்பது நம் கடமை. அரண்மனைக் கணக்கர் எழுதிவைத்ததால் அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்தோரின் சரித்திரம் பிழைத்தது. மற்ற ஊர்களின் சரித்திரம் அவ்வவ்வூர் வீட்டுக்காரர்களின் கையில் இருக்கிறது.