உடல் உணரிகள் ஏன் தனித்தனிக் கூறுகளாக அமைகின்றன?

உடலின் ஒவ்வோர் அளவும் ஒவ்வொரு வேகத்தில் மாறுகிறது. இதயத்தின் மின்துடிப்பைப் பதிய நொடிக்குச் சில நூறு முறை அளக்க வேண்டும். உடல் வெப்பத்துக்கு நிமிடத்துக்கு ஒருமுறை போதும். எல்லாவற்றையும் ஒரே மின்சுற்றுப் பலகையில் திணித்தால், ஒன்று பழுதானாலும் முழுவதையும் மாற்ற நேரும். அதனால் ஒவ்வோர் உணரியும் தனிக் கூறாக அமைக்கப்படுகிறது.

இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் கூறைப் பார்க்கலாம். 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவொயாகி கண்ட கொள்கையே அதன் அடிப்படை. விரலின் ஒரு பக்கத்தில் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறி மின்னுகின்றன. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பையும், ஏறாதது சிவப்பையும் கூடுதலாக உறிஞ்சும். தோலும் எலும்பும் உறிஞ்சுவது பெரும்பாலும் மாறாது. நாடியோடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு கிடைத்துவிடும். மிக அழகான உத்தி இது.

இதய மின்துடிப்போ தோலில் ஏறத்தாழ 1 மில்லிவோல்ட்தான். நீண்ட கம்பியில் போனால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதை மூழ்கடிக்கும். ஆகவே பெருக்கியும் எண்ணாக்கியும் மின்முனைக்கு அருகிலேயே இருப்பது நல்லது.

கூறுகளைப் பிரித்தபின் அவற்றின் கடிகாரங்களை ஒத்திசைப்பதே கடினமான வேலை. இதயம் துடித்து, நாடி விரலை எட்டும் நேரத்தைக் கொண்டு இரத்த அழுத்தத்தை மதிப்பிடும்போது, சில மில்லிநொடிப் பிசகும் விடையை மாற்றிவிடும்.