பழைய மச்சின் பலகைத் தளம்

திருப்பதியை அடுத்த சந்திரகிரிக் கோட்டைக்குச் செல்வோர் ராஜ மஹாலைக் காணாமல் திரும்புவதில்லை. விஜயநகர மன்னர் காலத்து அம்மாளிகை மூன்று தளங்கள் உடையது. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு, மரத்தின் துணையின்றி எழுப்பப்பட்டது. இன்று அதனுள் தொல்பொருட் காட்சிச் சாலை இருக்கிறது. மரம் வைத்துக் கட்டியிருந்தால் கரையானும் மழையும் அதனை இவ்வளவு காலம் விட்டு வைத்திருக்குமா என்பது ஐயமே.

அரண்மனைக்கு இயன்றது எல்லா வீடுகளுக்கும் இயன்றதில்லை. சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைமை ஊராக விளங்கியது. அவ்வூரிலும் திருப்பதியிலும் உள்ள பழைய வீடுகள் சிலவற்றில், விட்டங்களின்மேல் பலகை பாவிய மச்சு இன்னும் இருக்கிறது. பெரியவர்கள் காலமானபின் பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட, பூட்டிய மச்சில் புழுதியும் வௌவால் எச்சமும் சேர்கின்றன. பிறகு ஒரு நாள் கதவைத் திறந்து பார்ப்பவருக்கு அச்சம் தோன்றுகிறது. “பெயர்த்தெறிந்துவிட்டுக் காங்கிரீட் போடலாம்” என்று யோசனை கூறுவோரும் உடனே வந்துவிடுகிறார்கள். அழுக்கு வேறு, அழிவு வேறு. அழுக்கை அழிவென்று எண்ணி நல்ல தேக்கைப் பழைய சாமான் விலைக்குக் கொடுத்துவிடுதல் பெரும் பிழை. அழிவை அழுக்கென்று எண்ணி அதன்மேல் நடத்தலோ அதனினும் பெரும் பிழை.

ஆதலின் துடைப்பத்தை எடுக்குமுன் சோதித்தறிதல் வேண்டும். முதலில் கீழ் அறையில் நின்று அண்ணாந்து பாருங்கள். விட்டத்தின் முனைகள் சுவரினுள் புகும் இடமே ஈரம் தங்கும் இடம். கேடு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். சுவரிலிருந்து மண்கோடு ஏறியிருப்பின் கரையான் வந்து போயிருக்கிறது, அல்லது இன்னும் இருக்கிறது. கோட்டைச் சிறிது உடைத்து வையுங்கள். சில நாட்களில் அது மீண்டும் கட்டப்பட்டிருந்தால் உயிருள்ள கரையானே. பிறகு பலகைகளைக் கொட்டாப்புளியால் தட்டிப் பார்க்க வேண்டும். வைரம் பாய்ந்த பலகை கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரிக்கப்பட்டது பொத்தென்று ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் குத்தூசியை ஊன்றினால் உண்மை விளங்கிவிடும். சிறு துளைகளின் கீழ் மாவு போன்ற புதுத்தூள் உதிர்ந்திருந்தால் பொடிவண்டு இன்னும் வேலை செய்கிறது என்று கொள்ளலாம். விட்டம் பழுதுபட்டிருந்தால் தச்சரை அழைக்கும்வரை மச்சில் எவரும் ஏறலாகாது. கூரை ஒழுகினால் அதை அடைத்த பிறகே மற்ற வேலை.

வௌவால், புறா இவற்றின் எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்குதல் ஆபத்து. அத்தூளுடன் நுரையீரலுக்குத் தீங்கு செய்யும் காளான் வித்துக்கள் கலந்திருக்கக்கூடும். இலேசாக நீர் தெளித்து நனைத்து, மூக்கை நன்கு மூடும் கவசம் அணிந்து, வாரி எடுக்க வேண்டும். மற்றப் புழுதிக்கு ஈரமரத்தூளைத் தூவிப் பெருக்கினால் தூசி பறக்காது.

இனிக் கழுவுதல். சித்தூரில் ஒரு வீட்டாரின் அனுபவத்தை நாம் மறக்க இயலாது. பண்டிகைக்கு முதல் வாரம் மச்சைத் துப்புரவு செய்ய முற்பட்டவர்கள், கீழே சிமெண்டுத் தரையைக் கழுவுவதுபோலவே குடம் குடமாக நீரைக் கொட்டித் தேய்த்தார்கள். பலகைகள் ஊதி ஒன்றையொன்று நெருக்கின. காய்ந்தபோது ஓரங்கள் மேலெழும்பி ஒவ்வொரு பலகையும் குழிந்துவிட்டது. தளம் நூறாண்டு தாங்கியது. அரை நாள் துப்புரவைத் தாங்கவில்லை. பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீரோ மென்மையான சோப்பு நீரோ போதும். துணியை அதில் நனைத்து, இறுகப் பிழிந்து, நாரின் போக்கிலேயே துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றிவிட வேண்டும். வாஷிங் சோடா போன்ற காரங்கள் மரத்தைக் கறுக்கச் செய்து நாரையும் எழுப்பிவிடும். விளக்கெண்ணெய் சிந்திய கறையின்மேல் முல்தானி மட்டியைப் பரப்பி ஓரிரவு விட்டால் எண்ணெயின் பெரும்பகுதியை அது உறிஞ்சிக்கொள்ளும். ஆணியைச் சுற்றியுள்ள கருங்கறை, மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து உண்டானது. அதைச் சோப்பு போக்காது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் போக்கும். ஆனால் அது நஞ்சு. கையுறை வேண்டும், குழந்தைகள் அணுகலாகாது, பிறகு ஈரத்துணியால் பலமுறை துடைத்தெடுக்க வேண்டும்.

பழைய வர்ணம் இருப்பின் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.முக்குள் அடக்கும் இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சை உலர்ந்தபடி உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூளைக் குழந்தைகள் உட்கொள்ள நேரிடும்; நனைத்துச் சுரண்டுவதே தகும். இயந்திரத்தால் தேய்ப்பது விரைவுதான். எனினும் ஒவ்வொரு முறையும் பலகையின் கனம் குறைகிறது. பழைய தளத்தில் காலடி தேய்ந்த பள்ளங்களையெல்லாம் சமனாக்கியே தீரவேண்டுமென்ற ஆசை நமக்கு உடன்பாடன்று.

பழுதான ஒரு பலகையை மாற்ற நேர்ந்தால், இடிபட்ட வீடுகளிலிருந்து வரும் பழந்தேக்கே ஏற்றது. சேஷாசலத்துச் செம்மரம் அருகிலிருக்கிறதே என்று வேடிக்கையாகக்கூட எண்ண வேண்டாம். அதைக் களவாக வெட்டியோர் சிறையில் இருக்கிறார்கள்.

துடைத்து நன்றாய் உலர்ந்த தளத்துக்கு எண்ணெய் இடுதல் நலம். இங்கே பலர் தவறுகிறார்கள். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் மரத்தின்மேல் இறுகுவதில்லை. பிசுபிசுத்துப் புழுதியைச் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றுக் கெட்டிப்படும் இயல்புடையது. மிக மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, உலர்ந்தபின் மறுமுறை தடவலாம். கெட்டிப்படும்போது அது வெப்பத்தையும் வெளியிடுகிறது. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அவ்வெப்பம் உள்ளேயே திரண்டு, நெருப்பு வைப்பார் இல்லாமலே தீப்பற்றும். அத்துணிகளை வெளியில் கல்லின்மேல் தனித்தனியே விரித்து உலர்த்துங்கள். அல்லது நீரில் அமிழ்த்தி வையுங்கள்.

பலகைகளுக்கிடையே கோடையில் தோன்றும் இடுக்குகளை மக்கு வைத்து அடைக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் மரம் ஊதும்போது அவை தாமே நெருங்கிவிடும். இவ்வேலைக்கு மாசி, பங்குனி மாதங்கள் உகந்தவை. மழைக் காலத்தில் எண்ணெய் உலர நாளாகும். அதன் வாடை போகும்வரை மச்சின்மேல் பாய் விரிக்க வேண்டாம்.