பழைய கணினிக் கோப்புகளும் ஏடு பெயர்த்தெழுதும் கலையும்

ஒரு மொழியின் நூற்செல்வம் அழிதற்கு நெருப்பும் நீரும் செல்லும் மட்டுமே காரணமாவன அல்ல. எழுதப்பட்ட பொருள் கைவசம் இருக்கவும் அதனைப் படிக்கும் வழி மறந்துபோதலும் அழிவின்பாற் படுவதேயாம். ஏட்டுச்சுவடிகளுக்கு முன்னாளில் நேர்ந்த இந்நிலை, 1990 ஆம் ஆண்டை அடுத்துவந்த ஏறக்குறைய இருபது ஆண்டுகளிற் கணினியிலே கோக்கப்பட்ட தமிழ்ப் பக்கங்களுக்கு இன்று நேர்ந்துவருகின்றது. பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், நினைவு மலர்கள், சிறுசஞ்சிகைகள் எனக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அச்சுக்குச் சென்றவை பல. அவற்றின் மூலக்கோப்புகள் நெகிழ்வட்டுகளிலும் இறுவட்டுகளிலும் உறங்குகின்றன. அவற்றை இக்காலக் கணினிக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றுவது எங்ஙனம், அதிலுள்ள இடர் யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய கோப்பொன்றிற்கு உறைகள் இரண்டு உண்டு. புறவுறையாவது, அக்கோப்பை ஆக்கிய மென்பொருளின் அமைப்பு. பக்க வடிவமைப்பிற் பெருவழக்காயிருந்த பேஜ்மேக்கர் 1985 ஆம் ஆண்டிலே தோன்றியது. அதன் இறுதிப் பதிப்பாகிய ஏழாம் பதிப்பு 2001 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் அம்மென்பொருள் வளரவில்லை. அதன் கோப்புகளை அதே நிறுவனத்தின் இன்டிசைன் சில காலம் திறந்தது. இக்காலப் பதிப்புகள் நேரே திறப்பதில்லை. எனினும் வழி முற்றாக அடைபடவில்லை. லிப்ரே ஒபிஸ் எனும் இலவச மென்பொருள், 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த 4.4 ஆம் பதிப்பு முதல், பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க முயல்கின்றது. பக்கத்தின் அமைப்புச் சிதையினும் உள்ளிருக்கும் எழுத்துக் கைக்கு எட்டுதல் கூடும்.

ஆனால், கைக்கு எட்டிய எழுத்துத் தமிழாயிராது. இதுவே அகவுறை. கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் உண்டு. இலங்கையிற் பெருவழக்குப் பெற்ற பாமினி முதலிய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களை அவ்வாறே வைத்துக்கொண்டு, அவற்றின் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்தன. ‘தமிழ்’ என்னும் சொல்லைப் பாமினியில் அமைக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகளை அழுத்தல் வேண்டும். கோப்பிலே பதிவது அவற்றின் எண்களாகிய 106, 107, 112, 111, 59 என்பனவே. எழுத்துரு நீங்கின் தமிழும் நீங்கிவிடும். பொருளற்ற ஆங்கில எழுத்துகளே எஞ்சும்.

1991 ஆம் ஆண்டில் முதற்பதிப்பு வெளிவந்த ஒருங்குறியோ உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வகுப்பது. அதன்படி ‘தமிழ்’ என்பது 2980, 2990, 3007, 2996, 3021 என்றாகும். எவ்வெழுத்துருவை அணிவிப்பினும் இவ்வெண்கள் தமிழையே குறிக்கும். ஆகவே முதற்றொகுதி எண்களை இரண்டாந்தொகுதி எண்களாகப் பெயர்ப்பதே மாற்றமாகும். 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளிலே தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் தொடக்ககால மின்னூல்களைப் பழைய குறிமுறைகளிலிருந்து ஒருங்குறிக்கு இவ்வாறே மாற்ற நேர்ந்தது.

இஃது எண்ணுக்கு எண் வைக்கும் எளிய கணக்கன்றோ எனின், அன்று. இடர்கள் மூன்று உள. முதலாவது வரிசை பற்றியது. பாமினியிற் ‘கை’ என்பதற்கு ஐகாரக் குறி முன்னும் ககரம் பின்னுமாகப் பதியும். ஒருங்குறியிற் ககரமே முன்னிற்கும். இதனை மாற்றி மென்பொருள் தானே திருத்திவிடும். இரண்டாவது, ஆங்கிலக் கலப்பு. எழுத்துருப் பெயரை நோக்காது எண்களை மட்டும் மாற்றினால், கட்டுரையின் இடையே வரும் ‘இஃப்’ என்னும் ஆங்கில இடைச்சொல் ‘கை’ என்றாகிவிடும். ஏனெனில் இரண்டிற்கும் எண்கள் ஒன்றே.

மூன்றாவதே பெரிய இடர். பாமினியில் ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகரமும் ஒரே விசை. விழிப்பற்ற மாற்றி ‘வெள்ளவத்தை’ என்பதை ‘வௌ்ளவத்தை’ என ஆக்கிவிடும். ‘தெளிவு’ என்பது ‘தௌிவு’ ஆகும். கண்ணுக்கு இவை பெரிதும் வேறுபடா. ஆயின் எண் வேறாதலின், ஊர்ப்பெயரைத் தேடுவோர்க்கு அப்பக்கம் அகப்படாது. ளகரத்தின்மேற் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வரின் அது ளகரமே என விதி செய்யலாம். ‘கௌரவம்’ என்பதிலும், சிறுகதைப் பாத்திரம் பேசும் ‘வெளங்குது’ என்பதிலும் அத்தகைய அடையாளம் இல்லை; பொருளறிந்தவனே பிரித்தறிவான். அவ்வாறே, தட்டச்சில் ரகரமெய்யைக் காலின்மேற் புள்ளியிட்டு அமைத்தோர் பலர். அதனால் ‘அவர்’ என்பது ‘அவா்’ என மாறிவிடுகின்றது.

இவ்விடத்தில் ஏட்டுச்சுவடிகளை நினைத்தல் பொருந்தும். ஏட்டெழுத்திலே மெய்க்குப் புள்ளி இடார். காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை காட்டார். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒன்றுபோலவே நிற்கும். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 ஆம் ஆண்டிலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையையும் அச்சேற்றியபோது, அது காலோ ரகரமோ என இடந்தோறும் துணியவேண்டியிருந்தது. ஓலையைத் தாளுக்கு மாற்றியது கைவேலை மாத்திரமன்று, புலமைத் தொழிலுமாகும். அதே காலும் அதே ரகரமும் நூறாண்டு கழித்துக் கணினிக் கோப்பினுள்ளும் நம்மை மயக்குதல் வியத்தற்குரியது.

இனிச் செய்யத்தக்கன யாவையெனின்: முதலிலே வட்டிலுள்ளதைப் படியெடுத்து, மூலத்தைத் தொடாது வைத்தல் வேண்டும். இரண்டாவதாக, கோப்பில் வழங்கிய எழுத்துருக்களின் பெயரைக் குறித்தல் வேண்டும். ஒரு பக்கத்திலே இரண்டு மூன்று எழுத்துருக்கள் கலந்திருத்தலும் உண்டு. மூன்றாவதாக, ஆங்கிலப் பகுதிகளைப் பிரித்துவைத்துத் தமிழை மட்டும் மாற்றுதல் வேண்டும். நான்காவதாக, மாறிய பிரதியில் ஔகாரக் குறி வந்த இடங்களையும் காலின்மேற் புள்ளி வந்த இடங்களையும் தேடி ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும். ஐந்தாவதாக, அச்சுப்படியோடு ஒப்புநோக்குதல் வேண்டும். கைவசம் படி இல்லையாயின், 2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் எனும் எண்ணிம நூலகத்திலே அதன் பக்கப்படிமம் உண்டோவெனத் தேடலாம். ஈற்றில், ஒரு நிறுவனத்தின் மென்பொருளையே சாராத திறந்த வடிவொன்றிற் சேமித்தல் வேண்டும்.

இவற்றுள் முதல் மூன்றும் கணினி பயின்ற மாணவர்க்கு எளியன. நான்காவதும் ஐந்தாவதும் தமிழ் பயின்ற ஆசிரியரை வேண்டுவன. இருசாராரும் ஒருங்கே இருக்கும் இடம் கல்லூரியே. வட்டுகள் காலத்தாற் பழுதுபடுகின்றன. எக்கோப்பில் எவ்வெழுத்துரு என்று சொல்லவல்ல அச்சுக்கோப்பாளரும் தொழில்விட்டு ஓய்கின்றனர். அவர்கள் நம்மிடை உள்ளபோதே, ஒவ்வொரு கல்லூரியும் தன் பழைய மலர்களின் கோப்புகளிலிருந்தேனும் இப்பணியைத் தொடங்குமாக.